டாக்டர் சீட்டில் ஒரு புது மருந்து: நடை!

குடல் புற்றுநோய் திரும்பி வராமல் தடுக்க மூன்று வருஷத் தேகப்பயிற்சி

பொழுது புலரும் நேரம். அணைக்கட்டு பஸ் நிறுத்தத்தில் பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். தலையில் பூ, கையில் சோற்று டப்பா. ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பஸ்ஸும் வேனும் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போகின்றன. வழியில் பள்ளிகொண்டாவில் இன்னொரு கூட்டம் ஏறும்.

கம்பெனிக்குள் போய்த் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தால், சாப்பாட்டு மணி அடிக்கிற வரையில் எழுந்திருக்க வேலை விடாது. கை ஓடும், கண் ஓடும், கால் மட்டும் மிதியில் இருக்கும். சாயந்திரம் அதே பஸ், அதே இருக்கை. இவர்களுடைய பாட்டிமார் நாற்று நட்டார்கள், களை எடுத்தார்கள், கிணற்றிலிருந்து குடம் சுமந்தார்கள். தேகப்பயிற்சி என்று தனியாக ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

உட்கார்ந்த வேலைக்கும் வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கும் பெருங்குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் உண்டு என்று நாற்பது வருஷங்களுக்கு மேலாகவே ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லி வந்தார்கள். 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் 1-ந் தேதி, அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கூடிய புற்றுநோய் டாக்டர்கள் மாநாட்டில் அதற்கு மேலும் ஒரு படி போனார்கள். நோய் வராமல் காப்பது இருக்கட்டும். வந்து, ஆபரேஷனும் ஆகி, மருந்தும் முடிந்தவர்களுக்கு அது திரும்பி வராமல் தடுப்பதிலும் நடைப்பயிற்சி மருந்துபோல வேலை செய்கிறது என்று கணக்கோடு காட்டினார்கள். அதே நாளில் "நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்" என்ற வைத்தியப் பத்திரிகையிலும் அந்த முடிவு வெளியாயிற்று.

நூற்றுக்கு ஏழு பேர்

ஆராய்ச்சியை நடத்தியவர்கள் கனடா நாட்டுக்காரர்கள். ஆல்பர்ட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த கெரி கோர்னியா, கிங்ஸ்டன் நகரத்து டாக்டர் கிறிஸ்டபர் பூத் ஆகியோர் முன் நின்றார்கள். கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் 55 மருத்துவமனைகள் சேர்ந்தன. 2009-ம் ஆண்டு தொடங்கி ஆள் சேர்த்து முடிக்கப் பதினைந்து வருஷம் ஆயிற்று. மொத்தம் சேர்ந்தவர்கள் 889 பேர். மாத்திரை விற்கும் கம்பெனிக்கு நடையில் என்ன லாபம்? கனடா புற்றுநோய்ச் சங்கம் போன்ற அமைப்புகள் கொடுத்த பணத்தில்தான் வண்டி மெதுவாக ஓடியது.

சேர்ந்தவர்கள் எல்லோரும் பெருங்குடலில் புற்றுநோய் கண்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பெரும்பாலோருக்கு நோய் மூன்றாவது கட்டத்தில், அதாவது பக்கத்திலுள்ள நெறிக்கட்டிகளுக்கும் பரவிய நிலையில் பிடிபட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ மருந்தும் ஏற்றிக்கொண்டு, அது முடிந்து இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் இருந்தவர்களைச் சேர்த்தார்கள். பிறகு சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆரோக்கிய வாழ்வு பற்றிய புத்தகங்களை மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அந்தப் புத்தகங்களோடு பயிற்சி சொல்லித்தர ஓர் ஆளையும் கொடுத்தார்கள். ஒரு வாரமல்ல, ஒரு மாதமல்ல, மூன்று வருஷம்!

முடிவு என்ன? ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் நூற்றுக்கு 80 பேர். புத்தகப் பிரிவில் 74 பேர். எட்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் நூற்றுக்கு 90, மற்றதில் 83. ஏழு பேர் வித்தியாசம். பதினான்கு பேர் இந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டால், எட்டு வருஷக் கணக்கில் ஓர் உயிர் கூடுதலாகத் தப்பும் என்று இதற்குப் பொருள். ஏழு என்பது சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஆனால் லட்சக்கணக்கில் விலை போகும் புதுப் புற்றுநோய் மருந்துகளில் பல இந்த அளவு பலன் காட்டினாலே பெரிய வெற்றி என்று கொண்டாடப்படுகின்றன.

இன்னொரு வேடிக்கை. பயிற்சி செய்தவர்களுடைய எடையோ இடுப்புச் சுற்றளவோ சொல்லும்படி குறையவில்லை. மெலிந்தால்தான் பலன் என்பது நம் எல்லோருடைய எண்ணம். இங்கே மெலியாமலே பலன் கிடைத்திருக்கிறது. கூடியது மூச்சுத் திராணியும், ஆறு நிமிஷத்தில் நடக்கக்கூடிய தூரமும்தான். "எவ்வளவோ நடந்தும் தொந்தி அப்படியேதான் இருக்கிறது" என்று நடையை விட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கால்சட்டை சொன்ன கதை

"நடக்கிறவன் நல்லாயிருக்கான் என்பது எங்கள் பாட்டிக்கே தெரியுமே. இதற்குப் பதினைந்து வருஷமா?" என்று யாரும் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். பதில் லண்டன் நகரத்துப் பஸ்களில் இருக்கிறது.

1953-ம் ஆண்டில் ஜெரமி மாரிஸ் என்ற டாக்டர் லண்டன் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கப் படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் கடுமை குறைவாக இருந்தது. உலகமே இந்தச் செய்தியை வியந்து படித்தது.

ஆனால் மாரிஸ் அதோடு விடவில்லை. மூன்று வருஷம் கழித்து, கம்பெனி அவர்களுக்குத் தைத்துக் கொடுத்த யூனிபாரத்தின் அளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களுடைய கால்சட்டை இடுப்பு, வேலைக்குச் சேர்ந்த இளவயதிலேயே கண்டக்டர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது! அப்படியானால் டிரைவரைக் கெடுத்தது உட்கார்ந்த வேலையா? அல்லது ஏற்கெனவே பருமனானவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போனார்களா? பஸ்ஸைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

குடல் விஷயமும் இப்படியே நடந்தது. 1984-ம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதி ஆண்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய், ஓடியாடி வேலை பார்த்தவர்களைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அதிகம் என்று தெரிந்தது. 2016-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 14 லட்சம் பேருடைய விவரங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். ஓய்வு நேரத்தில் நன்றாக உடற்பயிற்சி செய்கிறவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் நூற்றுக்கு 16 பங்கு குறைவாக இருந்தது. எல்லாம் சரி. ஆனாலும் உடம்பில் தெம்பு உள்ளவன் நடக்கிறானா, நடப்பதால் தெம்பு வருகிறதா என்ற சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருந்தது. சீட்டுக் குலுக்கி ஆளைப் பிரித்தால்தான் அந்தச் சந்தேகம் தீரும். அதனால்தான் பதினைந்து வருஷம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி இன்னும் ஒரே அபிப்பிராயம் இல்லை. தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்தில் இன்சுலின் அளவு தணிகிறது. இன்சுலின் மிகுந்தால் புற்றணுக்களுக்கு அது உரம்போல ஆகிறது என்கிறார்கள் சிலர். உடம்பின் உள்ளழற்சி குறைவது காரணம் என்கிறார்கள் வேறு சிலர். ரத்தத்தில் சுற்றும் காவல் அணுக்கள் சுறுசுறுப்பாகின்றன என்பதும் ஒரு கட்சி. மூன்றும் சேர்ந்தே இருக்கலாம்.

எவ்வளவு நடக்க வேண்டும்?

பயப்பட ஒன்றும் இல்லை. அவரவர் வழக்கமாகச் செய்துவந்ததற்கு மேல் வாரத்துக்கு மொத்தம் இரண்டரை மணி நேர வேக நடை கூடினால் போதும். முக்கால் மணி முதல் ஒரு மணி வரை, வாரத்தில் மூன்று நான்கு நாள். சிலர் சைக்கிள் விட்டார்கள், சிலர் நீந்தினார்கள். எது பிடிக்கிறதோ அது.

வேக நடை என்றால் எந்த வேகம்? அதற்கு மிஷின் வேண்டாம். கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும்; ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் மெதுவாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். பேசவே மூச்சு முட்டினால் அளவு மிஞ்சிவிட்டது. கோயில் பிராகாரம் சுற்றுகிற நடையும், சந்தையில் காய் பார்த்துக்கொண்டே போகிற நடையும் இந்தக் கணக்கில் சேரமாட்டா. பஸ் கிளம்பப் போகிறது என்று தெரிந்ததும் எட்டிப் போடுகிறோமே, அந்த நடை!

உண்மையில் அந்த ஆராய்ச்சியின் உயிர் நடையில்கூட இல்லை. நடக்க வைத்த ஆளிடம் இருக்கிறது. புத்தகப் பிரிவினருக்கும் "நடங்கள்" என்றுதான் புத்தகம் சொல்லிற்று. அவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. பயிற்சிப் பிரிவினரையோ முதல் ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில் கூப்பிட்டுப் பேசினார்கள், கூடவே நின்று பயிற்சி செய்ய வைத்தார்கள். அடுத்த ஆறு மாதம் நேரிலோ டெலிபோனிலோ விசாரித்தார்கள். பிறகு இரண்டு வருஷம் மாதம் ஒருமுறை. "போன வாரம் ஏன் நடக்கவில்லை? மழையா? கால் வலியா? வீட்டில் கல்யாணமா?" என்று கேட்க ஒருவர் இருந்தார். நம் ஆஸ்பத்திரிகளில் டாக்டர் சீட்டு எழுதும்போது கடைசியில் "வாக்கிங் போங்க" என்று வாயால் சொல்லி அனுப்புகிறாரே, அது புத்தகப் பிரிவு வைத்தியம்தான்.

"நீ எழுந்திரிக்காதே, நைனா!"

அணைக்கட்டுப் பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தகப்பனாருக்குக் குடலில் ஆபரேஷன் ஆகி, ஆறு மாதம் கீமோவும் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். முடியெல்லாம் கொட்டி, நாக்கு ருசி கெட்டு, ஆள் பாதியாகிவிட்டார். திண்ணையிலிருந்து எழுந்தால் மகள் ஓடி வருகிறாள். "நீ எழுந்திரிக்காதே, நைனா. தண்ணி வேணுமா, கேளு. நாங்க எடுத்தாந்து தர்றோம்." பார்க்க வரும் உறவினர்களும் அதையே சொல்கிறார்கள். "உடம்ப அலட்டிக்காதீங்க. நல்லாப் படுத்து ரெஸ்ட் எடுங்க."

இது அன்பு. ஆனால் இந்த அன்பினால்தான் தசை கரைகிறது. படுக்கப் படுக்கச் சோர்வு கூடுகிறது. சோர்வு கூடியதால் மறுபடியும் படுக்கிறார். புற்றுநோய்ச் சோர்வுக்குப் படுக்கையைவிட அளவான நடையே நல்ல மருந்து என்பது பல ஆராய்ச்சிகளில் தெரிந்த விஷயம்.

"நாள் பூரா தோல் ஷாப்பில் டிரம்முக்குத் தோல் தூக்கிப் போட்டவருக்கு நடையாவது ஒன்றாவது!" என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஏற்கெனவே வாரம் 150 நிமிஷத்துக்கு மேல் பயிற்சி செய்துவந்தவர்களைக் கனடாக்காரர்கள் சேர்த்துக்கொள்ளவே இல்லை. ஏர் ஓட்டுகிறவரிடமும், மூட்டை சுமக்கிறவரிடமும், பீஞ்சமந்தை மலையிலிருந்து சுமையோடு ஏறி இறங்குகிறவரிடமும் போய் "தினம் நடங்கள்" என்று புத்தி சொல்வது அபத்தம். ஆனால் ஒன்று. வேலையில் இருந்தபோது சுமந்தது இப்போது கணக்கில் வராது. ஆறு மாதம் கீமோ ஏற்றிக்கொண்டவர் இன்று திண்ணையில் இருக்கிறார். இன்றைய கணக்கு பூஜ்யம்.

தோல் ஷாப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடலாம். இந்த வட்டாரத்தில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் தோல் தொழிலின் தலையில் பழி விழும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு தோல் தூசியைப் புற்றுநோய் தரும் பொருள் என்று தீர்மானித்திருப்பது உண்மை. ஆனால் அது சொல்வது மூக்குக் குழியிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் வரும் புற்றுநோயைப் பற்றி. குடலைப் பற்றி அல்ல. பாலாற்றுக்கு நேர்ந்த கதி வேறு விஷயம். அதற்கு இங்கே இடம் போதாது.

மரத்துப் போன பாதமும் வேலூர்ச் செருப்பும்

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஏற்றும் கீமோ மருந்துகளில் ஆக்ஸாலிபிளாட்டின் என்று ஒன்று உண்டு. நல்ல மருந்து. ஆனால் நரம்பு நுனிகளைத் தாக்கும். பலருக்கு விரல்கள் மரத்துப் போகின்றன. பாதத்தில் பஞ்சு ஒட்டியதுபோல இருக்கிறது என்பார்கள். செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. முள் குத்தினாலும் தெரியாது. மருந்து நின்று பல மாதம், சிலருக்கு வருஷக்கணக்கில்கூட, இது நீடிக்கும். இவரைப் போய் நடக்கச் சொன்னால்? நடையை எழுதிக் கொடுக்கிறவர் முதலில் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

இதில்தான் வேலூருக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்ற ஆபரேஷன் டாக்டர், தொழுநோயாளிகளின் பாதம் ஏன் புண்ணாகிறது என்று ஆராய்ந்தார். சதை தானாக அழுகுவதில்லை; வலி தெரியாததால் அடிபட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி அடிபடுகிறது என்று கண்டார். மரத்த பாதத்துக்கு மெத்தென்ற அடிப்பாகம் வேண்டும் என்று, வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் எம்.சி.ஆர். என்கிற மென்மையான ரப்பரில் செருப்புச் செய்யத் தொடங்கினார்கள். பிறகு நம் நாடு முழுவதும் தொழுநோயாளிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அந்தச் செருப்பே கைகொடுத்தது.

கீமோவினால் மரத்த பாதமும் அதே ஜாதிதான். வெறுங்காலோடு நடக்கக்கூடாது. விரலிடுக்கில் வார் மாட்டும் ரப்பர் செருப்பு கூடாது. பின்புறம் பிடிப்புள்ள, அடி மெத்தென்ற பாதரட்சை வேண்டும். நடந்து வந்ததும் பாதத்தைக் கையால் தடவி, கண்ணால் பார்த்து, கொப்புளம் உண்டா என்று சோதிக்க வேண்டும். தெரு விளக்கு இல்லாத இடத்தில் இருட்டில் நடப்பது ஆபத்து. வெளிநாட்டுக்காரன் கால் நோகாமல் ஓடுவதற்கு ஆம்பூரில் நாள்தோறும் ஷூ தைத்து அனுப்புகிறார்கள். தைக்கிற பெண்ணின் தகப்பனார் காலில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வெட்கமாகத்தான் இருக்கும்.

வயிற்றில் பை வைத்திருப்பவர்களும் நடக்கலாம். ஆனால் கனம் தூக்குவதும், வயிற்றை இறுக்கும் பயிற்சிகளும் ஆகா. பையைச் சுற்றிக் குடல் பிதுங்க இடமுண்டு. எலும்பில் நோய் பரவியவர்கள், இருதயக் கோளாறு உள்ளவர்கள், ரத்தசோகை அதிகமுள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்கக்கூடாது. கனடா ஆராய்ச்சியிலேயே பயிற்சிப் பிரிவில் மூட்டு, தசை உபாதைகள் நூற்றுக்கு 18 பேருக்குமேல் வந்தன. மற்றதில் 11 பேருக்குமேல். மருந்து என்றால் பக்கவிளைவும் உண்டு அல்லவா?

இங்கே யார் நடக்க வைப்பார்கள்?

வேலூருக்கு இது புதுச் சரக்கு அல்ல. 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்தார். அமெரிக்கா போய்ப் படித்துவிட்டு வந்து, முடங்கினவர்களை நடமாட வைக்கும் துறையை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நிலைநாட்டினார். அதற்கென்று தனி நிலையம் 1966-ல் உண்டாயிற்று. பயிற்சியே வைத்தியம் என்பதை இந்த ஊர் அன்றே கண்டது.

சர்க்கார் பக்கத்திலும் சில ஏற்பாடுகள் நடந்திருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகளும் வீடு தேடி வரும்படி வகை செய்தார்கள். 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்ற திட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை. ஜப்பானில் டோக்கியோ நகரத்தில் பார்த்துவந்த ஏற்பாடு அதற்கு மாதிரி. இரண்டும் நல்ல யோசனைகள். ஆனால் மாவட்டத் தலைநகரத்தில் போட்ட பாதை ஒடுகத்தூர்க்காரருக்கு எட்டாது. வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டின் பட்டியலில் கீமோ முடித்தவர் பெயரும் இருந்தால் பாதி வேலை முடிந்ததுபோல. மீதிப் பாதிக்கு ஒரு டெலிபோன் போதும்.

பெண்கள் பாடு இன்னும் கஷ்டம். விடியலில் நடந்தால் நாய்; மெயின் ரோட்டில் நடந்தால் லாரி; "இந்தம்மாவுக்கு என்ன வந்தது, கை வீசிக்கொண்டு போகிறாள்?" என்று தெருவார் பேச்சு. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நடப்பதே இதற்கு வழி. பள்ளிக்கூட மைதானத்தைக் காலையில் ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் எந்தப் பள்ளிக்கூடமும் குறைந்துபோகாது.

மூலம் என்று நினைத்து...

நடையின் பெருமையைப் பேசுகிற வேகத்தில் முக்கியமான ஒன்றை மறந்துவிடக்கூடாது. கனடாவில் நடந்தவர்கள் எல்லோரும் ஆபரேஷனும் வைத்தியமும் முறையாக முடித்தவர்கள். நடை அதற்கு மேல் சேர்ந்த பலன். வைத்தியத்துக்குப் பதிலாக நடந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. இன்னொன்று, அது பெருங்குடல் நோயாளிகளை மட்டும் வைத்துச் செய்தது. அதற்கடுத்த மலக்குடலில் நோய் வந்தவர்களுக்கும் இதே அளவு பலன் உண்டு என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. நம் நாட்டிலோ மலக்குடல் நோயே கணிசம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2017-ல் வெளியிட்ட 800 நோயாளிகளின் விவரத்தில் நூற்றுக்கு 42 பேருக்கு மலக்குடலில்தான் நோய். அவர்களுடைய சராசரி வயது 47! கனடா ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களின் நடு வயது 61.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 70,000 பேருக்குப் புதிதாகக் குடல், மலக்குடல் புற்றுநோய் கண்டிருக்கும் என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிட்டது. மக்கள் தொகைக்கு இது மேனாடுகளைவிடக் குறைவு. ஆனால் இங்கே பலர் முற்றிய பிறகே வருகிறார்கள். காரணம் ஒரே சொல்: மூலம். மலத்தில் ரத்தம் போனால் மூலம்; வேறு என்னவாக இருக்கும் என்று மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்குகிறோம். மூல பவுத்திரம் என்று பலகை போட்ட இடத்துக்குப் போகிறோம். வெளியே சொல்லக் கூச்சம் வேறே. மாதங்கள் ஓடிவிடுகின்றன. ரத்தப்போக்கில் பெரும்பாலானவை மூலமாகவே இருக்கலாம். எது மூலம், எது மற்றது என்பதை விரலாலும் குழாயாலும் சோதித்துப் பார்க்கிற டாக்டர் சொல்ல வேண்டும், களிம்பு சொல்லாது. புதிதாக மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருவது, காரணமில்லாமல் எடை குறைவது, ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் ரத்தசோகை காண்பது, இவையும் சோதிக்க வேண்டிய அடையாளங்கள்.

2023-ல் தமிழ்நாட்டில் வீடு வீடாக அழைப்புக் கொடுத்துப் புற்றுநோய் சோதனை தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் இருந்தன. இரண்டும் தோல் தொழில் வட்டாரங்கள். அங்கே பார்த்தது வாய், மார்பு, கருப்பை வாய் ஆகிய மூன்றை. குடல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே குடலைப் பொறுத்தவரை அவரவர்தாம் காவல். அமெரிக்கா போன்ற நாடுகளில் 45 வயதானதும் மலத்தில் மறைந்துள்ள ரத்தத்தைச் சோதிக்கிறார்கள், அல்லது குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிறார்கள். குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு முளை புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷம்போல ஆகும். முளையிலேயே கிள்ளிவிட்டால் நோயே இல்லை.

குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தால் விஷயம் இன்னும் அவசரம். தகப்பனாருக்கோ தாயாருக்கோ கூடப்பிறந்தவருக்கோ குடல் புற்றுநோய் வந்திருந்தால், மற்றவர்கள் நாற்பது வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து வருஷம் முன்னதாக, இதில் எது முந்தியதோ அப்போதே சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. அண்ணனுக்கு 45 வயதில் வந்ததென்றால் தம்பி 35-லேயே போக வேண்டும். தினம் ஐந்து மைல் ஓடுகிற தம்பியானாலும் இதில் விலக்கு இல்லை.

ஆம்பூர்ப் பக்கத்தில் நின்றுகொண்டு பிரியாணியைப் பற்றிச் சொல்லாமல் போனால் எப்படி? உப்பும் புகையும் மருந்தும் ஏற்றிப் பதப்படுத்திய இறைச்சியைத்தான் 2015-ல் குடல் புற்றுநோய் தரும் பொருள்களில் சேர்த்தார்கள். சாதாரண ஆட்டு இறைச்சியும் மாட்டு இறைச்சியும் "தரக்கூடும்" என்கிற அடுத்த வரிசையில் இருக்கின்றன. வாரத்துக்குச் சமைத்த இறைச்சி அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் ஆலோசனை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு அதில் இடமிருக்கிறது. தினசரிப் பிரியாணிக்கு இல்லை.

எப்போது தொடங்கலாம் என்பதுதான் வீட்டார் கேட்கும் கடைசிக் கேள்வி. கீமோ முடிந்து இரண்டு மாதம் ஆனதும், ஆபரேஷன் செய்த டாக்டரிடமோ கீமோ கொடுத்த டாக்டரிடமோ கேட்டு, ஒரு பிசியோதெரபிஸ்டின் பார்வையில் ஆரம்பிக்கலாம். முதல் வாரம் பத்து நிமிஷம். பிறகு வாரம் ஐந்து நிமிஷமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று முதல் நாளே அளந்து, நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில், அதே செருப்போடு மறுபடி அளக்க வேண்டும். வேலூர் வெயில் தெரிந்ததே. சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். தவறினால் சாயந்திரம் வெயில் தாழ்ந்த பிறகு. கூட நடக்கப் பேரனோ பேத்தியோ இருந்தால் நல்லது. பாட்டன் பாடுகிறாரா, பேசுகிறாரா என்று பார்த்துக்கொள்வார்கள்.